ராயபுரத்து வெஸ்ட் இண்டீஸ்

எங்கள் தெருவுக்கு வந்து ஆன்சி வீடு எது என்று கேட்டால் சிலர் யோசிப்பார்கள். வெஸ்ட் இண்டீஸ் வீடு எது என்று கேட்டால் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுப் போவார்கள்.

ஆசையாக வைத்த பெயரில்லை அது. ஆன்சி அக்கா சின்ன வயதிலிருந்தே நல்ல கறுப்பு. பள்ளிக்கூடம் போகும் வழியில் பையன்கள் சுவரேறி உட்கார்ந்துகொண்டு, "டேய், வெஸ்ட் இண்டீஸ் வர்து பாரு, லைட்ட போடுங்கடா!" என்று கத்துவார்கள். அவளுக்கு வெஸ்ட் இண்டீஸ் என்றால் என்னவென்றே தெரியாது. ஏதோ கெட்ட வார்த்தை என்று நினைத்து அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடி வந்தாள்.

அவளுடைய அப்பா லியோனார்ட், துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டியவர். அழுகிற மகளைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"இன்னாத்துக்கு அழுவுற? வெஸ்ட் இண்டீஸ்னா யாரு தெரியுமா? ஒலகத்துலயே அவனுங்கள யாரும் அசைக்க முடியாது. ரெண்டு தபா கோப்பைய தூக்கிகினு போனவனுங்க. ராஜாங்கம்மா அவனுங்க."

பரணில் தேடி ஒரு பழைய விளையாட்டுப் பத்திரிகையை எடுத்துக் காட்டினார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டையில் பதினோரு பேர் பச்சைப் புல்மேல் சிரித்துக்கொண்டு நின்றார்கள். ஆன்சி அந்தப் படத்தை வெகு நேரம் பார்த்தாள். கடைவீதி காலண்டரிலும் சினிமா போஸ்டரிலும் மாதா கோயில் சுரூபத்திலும் அவள் அதுவரை பார்த்த அழகெல்லாம் வெளுப்பாகவே இருந்தது. தன் கைநிறத்தில் இருக்கும் ஆட்கள் படத்தில் அழகாக நிற்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள்.

அடுத்த சில நாட்களிலேயே எண்பத்து மூன்றின் இறுதிப் போட்டி வந்தது. மூன்றாவது கோப்பையும் அவர்களுக்குத்தான் என்று அப்பாவே சொல்லியிருந்தார். நூற்று எண்பத்து மூன்று ரன் எடுக்க முடியாமல் வெஸ்ட் இண்டீஸ் தோற்றது. மறுநாள் காலை தெருவெல்லாம் பட்டாசுக் காகிதம். ஒன்பது வயது ஆன்சி ஒருத்தி மட்டும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். தன்னைப் போல இருக்கிற ராஜாக்கள் கிடைத்த கையோடு போய்விட்டார்கள் என்ற துக்கம்.

"இனிமே நம்ம டீம் தாம்மா ராஜா" என்று அப்பா சமாதானம் சொன்னார். "நீயும் இந்தப் பக்கம் வந்துரு."

அவள் வரவில்லை. தோற்றவர்கள் எங்கே போய்ச் சாப்பிட்டிருப்பார்கள் என்று அவரிடம் கேட்டாள்.

அதற்குப் பிறகு அவள் மனதில் அந்தத் தீவுகள் ஒவ்வொன்றாக முளைத்தன. ஜமைக்கா, பார்படோஸ், டிரினிடாட், ஆன்டிகுவா, கயானா. வானொலி வர்ணனையில் கேட்ட பெயர்களை அவள் தாளம் போட்டுச் சொல்லிப் பார்ப்பாள். அவை ஒரே நாடு இல்லை, கொடி வேறு, பணம் வேறு, தேசிய கீதம் வேறு, கிரிக்கெட்டுக்கு மட்டும்தான் ஒன்றாகச் சேர்கிறார்கள் என்று தெரிந்தபோது பிரியம் இன்னும் கூடியது. மாலைகளில் காசிமேட்டுக் கரையில் நின்று, வெளியே நங்கூரமிட்ட கப்பல்களைப் பார்ப்பாள். அந்தி வெளிச்சத்தில் அவை அசையாத தீவுகளைப் போலவே இருக்கும். ஒன்றை ஜமைக்கா என்பாள், இன்னொன்றைப் பார்படோஸ் என்பாள். காலையில் போய்ப் பார்த்தால் ஜமைக்கா கிளம்பிப் போயிருக்கும்.

"நைனா, இந்தக் கடல்லயே போய்கினே இருந்தா அந்த ஊரு வருமா?"

"வரும். சுத்திகினு போவணும்."

அவள் வளர வளர அணி தேய்ந்தது. தொண்ணூறுகளில் தோல்விமேல் தோல்வி. கல்யாண வயதில் அவளுக்கும் அதே கதைதான். பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, "பொண்ணு நல்லா தான் கீது, கலரு தான்…" என்று இழுத்துவிட்டுப் போனார்கள். கடைசியாக வந்தவர் நோயல், இழுவைப் படகில் இன்ஜின் வேலை பார்த்தவர். உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார். ஆன்சி யோசிக்காமல், "வெஸ்ட் இண்டீஸ்" என்றாள்.

"தோத்துகினே கீற டீமாச்சே?"

"தோத்தா விட்டுட்டுப் போயிடுவீங்களா?"

அந்தக் கேள்விக்குத்தான் தாலி கட்டினேன் என்று நோயல் அண்ணன் இன்றைக்கும் சொல்வார். அவர் தீவிர இந்திய ரசிகர். இருவரும் இத்தனை வருடமாக ஒரே சோபாவில் உட்கார்ந்து எதிரெதிர்க் கட்சியாக ஆட்டம் பார்க்கிறார்கள். பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவர்கள் பேசிக் கேட்டதில்லை.

அக்கா வேலை பார்த்த துணி ஏற்றுமதிக் கம்பெனி மூடியதும் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல் ஊழியர்கள் வந்து இளைப்பாற ஒரு மன்றம் இருக்கிறது. கேரம், இலவச இன்டர்நெட், ஒரு சின்ன ஜெபக்கூடம். கப்பல் கரை தொட்டதும் ஆட்களை வேனில் அழைத்துவந்து, மாலையில் திரும்பக் கொண்டுபோய் விடுவது அவள் வேலை ஆயிற்று. பிலிப்பைன்ஸ்காரர்கள், உக்ரைன்காரர்கள், பர்மாக்காரர்கள் எல்லோரிடமும் பேசிப் பேசி ஒரு வேன் ஆங்கிலம் அவளுக்கு வந்துவிட்டது. ஏறுகிற ஒவ்வொருவரிடமும், "நீங்கள் வெஸ்ட் இண்டீஸா?" என்று கேட்பாள். யாருமே இல்லை.

இதற்கு நடுவில் சந்தோஷங்களும் வராமலில்லை. இரண்டாயிரத்துப் பதினாறில் மும்பையில் ஆண்கள் அணி இந்தியாவை வீழ்த்தியது, பிறகு கல்கத்தாவில் ஒரே நாளில் பெண்கள் அணியும் ஆண்கள் அணியும் டி20 உலகக் கோப்பையை வென்றன. துக்கத்தில் இருந்த தெருவில் ஆன்சி அக்கா மட்டும் வீடு வீடாகக் கேக் கொடுத்தாள். முறைத்துக்கொண்டே வாங்கிச் சாப்பிட்டோம். மூன்று வருடம் கழித்துச் சேப்பாக்கத்தில் நோயல் அண்ணன் அவளை ஆட்டம் பார்க்க அழைத்துப் போனார். நீலக் கடலுக்கு நடுவே ஒரே ஒரு மெரூன் புடவை. வெஸ்ட் இண்டீஸ் ஜெயித்தபோது அடிவிழுமோ என்று பயந்து, முந்தானைக்குள் கைகளை மறைத்துக்கொண்டு தட்டினாளாம்.

பிறகு மறுபடியும் பள்ளம். இரண்டாயிரத்து இருபத்து மூன்றில் உலகக் கோப்பை இந்தியாவுக்கே வந்தது, சேப்பாக்கத்திலும் ஆட்டங்கள் நடந்தன. ஒரு காலத்தில் உலகத்தை ஆண்டவர்கள் தகுதிச் சுற்றில் ஸ்காட்லாந்திடம் தோற்று, வராமலே போனார்கள்.

நான் சொல்ல வந்தது போன வருடம் ஏப்ரலில் நடந்தது. ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை.

எண்ணூர்த் துறைமுகத்தில் ஒரு நிலக்கரிக் கப்பல் நின்றிருந்தது. அன்றைக்கு அதிலிருந்து வேனுக்கு வந்தது ஒரே ஒரு பெண். முப்பது வயதிருக்கும். பின்னிய கூந்தல், கையில் இன்ஜின் எண்ணெய்க் கறை. வியாசர்பாடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியவள் போல இருந்தாள். அக்கா தமிழிலேயே, "குந்தும்மா" என்றாள். அந்தப் பெண் புரியாமல் சிரித்தாள்.

"எந்த ஊர் நீ?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள் அக்கா.

"கயானா. பெர்பீஸ்."

அக்கா சாவியைத் திருகவில்லை. இத்தனை வருடமாகக் கேட்ட கேள்விக்குப் பதில் வந்து பின்சீட்டில் உட்கார்ந்திருந்தது.

"அப்போ நீ வெஸ்ட் இண்டீஸ்."

"ஆமாம், ஆன்ட்டி."

"எந்தத் தீவு அது?"

"கயானா தீவே இல்லை, ஆன்ட்டி. பெரிய நிலம். காடு, ஆறு, கரும்பு." நாற்பது வருடமாகத் தன் மனக்கடலில் மிதந்துகொண்டிருந்த தீவு ஒன்று அந்த இடத்திலேயே கரையோடு போய் ஒட்டிக்கொண்டது என்று அக்கா பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

அந்தப் பெண் பெயர் சாவித்ரி. சாவித்ரி மூத்தூசாமி. கப்பலில் மூன்றாம் இன்ஜினியர்.

"முத்துசாமியா?"

"நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள்? இன்னொரு தடவை சொல்லுங்கள்." அக்கா சொன்னாள். சாவித்ரி தன் பெயரைத் தானே புதிதாகக் கேட்பவளைப் போல உதட்டை அசைத்துப் பார்த்தாள். அவளுடைய முன்னோர்கள் கரும்பு வெட்ட மதராஸிலிருந்து கப்பலேறியவர்கள். எந்த ஊர், எந்தக் கரை, ஒன்றும் தெரியாது. வீட்டில் யாருக்கும் தமிழ் தெரியாது. ஆனால் மாரியம்மன் கோயில் உண்டு, பூசைக்கு மஞ்சள் புடவை கட்டுவார்கள். அம்மாவுக்கு மதராஸிலிருந்தே ஒரு மஞ்சள் புடவை வாங்க வேண்டும் என்றுதான் கரைக்கு வந்திருந்தாள்.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் புடவை வாங்கினார்கள். திரும்பும்போது மூலக்கொத்தளம் பக்கம் வேன் நின்றுவிட்டது. எதிரே ஒரு சாவு ஊர்வலம். பூவால் மூடிய ரதம், வெடி, முன்னால் ஆடிக்கொண்டு வரும் இளைஞர்கள், அதற்கும் முன்னால் மேளக்காரர்கள். சாவித்ரி சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தப்பு!" என்று கத்தினாள்.

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னா தப்பு? யாரு மேல இட்ச்சேன்?"

"தப்பு, ஆன்ட்டி, தப்பு!" விரலால் காட்டினாள். மேளக்காரர்கள் தோளில் தொங்கிய வட்டமான தோல் மேளத்தை, பறையை. "எங்கள் கோயிலில் என் அப்பா அடிப்பார். தீயில் காய்ச்சித்தான் அடிப்பார். அதற்கு எங்கள் ஊரில் தப்பு என்றுதான் பெயர்."

கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். அக்கா பதறிக்கொண்டு பின்னால் போனாள். ஊர்வலம் நெருங்க நெருங்க சாவித்ரியின் கால் தானாகத் தாளம் போட்டது. பிறகு வேனின் பக்கத் தகட்டில் உள்ளங்கையால் அடிக்க ஆரம்பித்தாள். முன்னால் வந்த மேளக்காரர் தலையைத் திருப்பினார். அவர் ஒரு வரி அடித்தார், அவள் அந்த வரியைத் தகட்டில் திருப்பி அடித்தாள். அவர் மாற்றினார், அவளும் மாற்றினாள். இறந்தவரின் உறவுக்காரப் பெண்கள்கூட அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"யாரு பொண்ணு இது? எந்த ஏரியா?" என்று கேட்டார் மேளக்காரர்.

"ரொம்ப தூரம்ணா. கடலுக்கு அந்தாண்ட" என்றாள் அக்கா.

"அடி நம்மளுது தான்" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். ரதம் கடந்து போயிற்று. ரோட்டில் கிடந்த சாமந்தி இதழ்களுக்கு நடுவே சாவித்ரி நின்றுகொண்டே இருந்தாள். ஊர் தெரியாத தன் முன்னோர்களில் யாரையோ வழியனுப்பிவிட்டு நிற்பவள் போல இருந்ததாம் அவள் முகம்.

வேனில் ஏறியதும்தான் சாவித்ரி கைப்பேசியைப் பார்த்து, "ஐயோ, மேட்ச்!" என்றாள். அன்று லாகூரில் வெஸ்ட் இண்டீஸ் பெண்கள் அணிக்கு உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம், தாய்லாந்துடன். உலகக் கோப்பை அந்த வருடம் இந்தியாவில். ஆண்கள் தவறவிட்டதைப் பெண்களாவது பிடித்துவிட மாட்டார்களா என்று இரண்டு பேரும் தனித்தனியாக, உலகத்தின் இரண்டு மூலைகளில், மாதக்கணக்கில் காத்திருந்திருக்கிறார்கள்.

இருட்டுவதற்குள் கப்பலுக்குத் திரும்ப வேண்டும் என்று கிளம்பினார்கள். திருவொற்றியூர் தாண்டியதும் எண்ணூர் விரைவுச்சாலை வழக்கம்போல உறைந்து நின்றது. முன்னாலும் பின்னாலும் கன்டெய்னர் டிரெய்லர்கள். வலது பக்கம் கடல், கருங்கல் அணை, கரைந்துகொண்டிருந்த வெளிச்சம். அக்கா இன்ஜினை அணைத்துவிட்டு, கைப்பேசியை ஸ்டியரிங்மேல் சாய்த்து வைத்தாள்.

ஜெயித்தால் மட்டும் போதாது. பங்களாதேஷும் இதே புள்ளியில் நின்றதால், நிகர ரன் விகிதத்தில் அதை முந்த வேண்டும். நூற்று அறுபத்தேழு ரன்னைப் பத்து ஓவரும் ஒரு பந்தும் முடிவதற்குள் எடுத்தாக வேண்டும். நடக்காத காரியம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அந்தப் பெண்கள் முதல் ஓவரிலிருந்தே விளாசினார்கள். பந்து பறந்துகொண்டே இருந்தது.

பின்னால் நின்ற டிரெய்லரின் டிரைவர் மதார் சாகிப், ஐம்பது வயதுக்காரர், துண்டால் கழுத்தைத் துடைத்தபடி வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"ஐ.பி.எல்.லாம்மா? இன்னா ஸ்கோரு?"

"ஐ.பி.எல். இல்ல பாய். வெஸ்ட் இண்டீஸ்."

"பொம்பளைங்களா?" அவர் திரும்பிப் போகப் பார்த்தார். அதற்குள் ஒரு சிக்ஸ் விழுந்தது. "யம்மா! இன்னா அடி இது!" அங்கேயே நின்றுவிட்டார். அக்கா கணக்கை விளக்கினாள். கொஞ்ச நேரத்தில் இன்னும் இரண்டு மூன்று டிரைவர்கள் சேர்ந்தார்கள். யாருக்கும் அந்த நாடுகள் எங்கே இருக்கின்றன என்று தெரியாது. ஆனாலும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பத்து ஓவர் முடிந்து ஒரு பந்தும் போயிற்று. இலக்கு வரவில்லை. சாவித்ரி முகத்தை மூடிக்கொண்டாள். அப்போது வர்ணனையாளர், இன்னும் ஒரு வழி இருக்கிறது என்றார். முதலில் ஒரு நாலு அடித்து ஸ்கோரைச் சமன் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு, பதினோராவது ஓவர் முடிவதற்குள் ஒரு சிக்ஸ் அடித்து ஜெயித்தால், இலக்குக்கு மேல் கூடுதல் ரன் சேர்ந்து ரன் விகிதம் வந்துவிடும்.

"நாலு" என்றாள் அக்கா. "முதல்ல நாலு. பொறுமையா நாலு அடி, கண்ணு."

பந்து வந்தது. மட்டை சுழன்றது. பந்து அந்தரத்தில் பறந்து எல்லைக் கோட்டுக்கு அப்பால் போய் விழுந்தது. சிக்ஸ்.

"ஜெயிச்சாச்சு!" என்று கத்தினார் மதார் சாகிப். வேனின் கூரையைத் தட்டினார். பிறகு உள்ளே இருந்த இரண்டு முகங்களையும் பார்த்தார். கை நின்றது. "இன்னாம்மா? ஜெயிச்சிட்டாங்கல்ல?"

"ஜெயிச்சிட்டாங்க பாய். ஆனா வெளிய போயிட்டாங்க."

"இன்னாது? ஜெயிச்சதால தோத்தாங்களா?"

நாலு வேண்டிய இடத்தில் ஆறு வந்துவிட்டது. கூடுதல் ரன் சேர்க்க வழியில்லாமல் ஆட்டம் அந்தப் பந்தோடு முடிந்துவிட்டது. ரன் விகிதத்தில் மயிரிழை குறைவு. டிரைவர்கள் மெதுவாகக் கலைந்தார்கள். மதார் சாகிப் மட்டும் தன் வண்டிக்குப் போய், செய்தித்தாளில் சுற்றிய இரண்டு சமோசாவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "சாப்புடுங்க. பேஜாரா கீது எனக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாவித்ரி அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். "எங்கள் ஆட்களுக்குப் பாதியில் நிறுத்தத் தெரியாது, ஆன்ட்டி. அடித்தால் ஆறுதான்." கொஞ்சம் பொறுத்து, "நீங்கள் ஏன் அழுகிறீர்கள்? உங்கள் நாடுதான் உலகக் கோப்பையிலேயே இருக்கிறதே?" என்று கேட்டாள்.

அக்கா அப்போதுதான் தன் பட்டப்பெயரைச் சொன்னாள். சுவரேறி உட்கார்ந்த பையன்களை, லைட்டைப் போடச் சொன்னதை, பெண் பார்த்துவிட்டுப் போனவர்களை. வாழ்நாளில் யாரிடமும் அப்படி வரிசையாகச் சொன்னதில்லை. சாவித்ரி சமோசாவைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும், "அந்தப் பையன்கள் எல்லாம் இப்போது எங்கே?" என்று கேட்டாள்.

"அங்கயே தான் கீறாங்க. ஒருத்தனுக்குச் சர்க்கரை. ஒருத்தன் எங்க வூட்டுக்குத் தண்ணி கேன் போடறான்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து அடங்குவதற்குள் முன்னால் நின்ற டிரெய்லர் நகர்ந்தது. காத்திவாக்கம் தாண்டி, கழிமுகத்துப் பாலத்தின்மேல் போகும்போது நீரில் அனல்மின் நிலையத்தின் விளக்குகள் நீளநீளமாக ஆடின. அத்திப்பட்டுப் பக்கம் புகைபோக்கிகள் மேகத்தோடு மேகமாக நின்றன. சாவித்ரி கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, பெர்பீஸிலும் கடலைத் தடுக்க இப்படித்தான் நீளமாகச் சுவர் கட்டியிருப்பார்கள் என்றாள். துறைமுக வாசலில் இறங்கி, அக்காவை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு நிலக்கரித் தூசிக்குள் நடந்து போனாள். மறுநாள் கப்பல் போய்விட்டது.

அன்றைக்குப் பிறகு அக்காவிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. முன்பெல்லாம் யாராவது வெஸ்ட் இண்டீஸ் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், அவ்வளவுதான். இப்போது, "இன்னாடா?" என்று சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறாள். நவம்பரில் இந்தியப் பெண்கள் உலகக் கோப்பையை வென்றபோது நோயல் அண்ணனைவிட அவள்தான் சத்தமாகக் கை தட்டினாள். பரிசு வழங்கும்போது மட்டும் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

வருகிற ஜூனில் இங்கிலாந்தில் பெண்களுக்கான டி20 உலகக் கோப்பை. இந்தத் தடவை வெஸ்ட் இண்டீஸ் தகுதிச் சுற்று எதுவும் இல்லாமல் நேராகவே உள்ளே இருக்கிறது. மன்றத்துக் கூடத்தில் பெரிய டி.வி.யில் போட வேண்டும் என்று அக்கா இப்போதே செயலாளரிடம் சொல்லி வைத்துவிட்டாள். சாவித்ரி ஏதோ ஒரு கடலிலிருந்து கூப்பிடும்போதெல்லாம் இதே பேச்சுதான். யார் காயம், யார் வீச்சில் வேகம் கூடியிருக்கிறது, கோப்பை வருமா.

போன ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்து திரும்பும்போது தெருமுனையில் அவர்களைப் பார்த்தேன். நோயல் அண்ணன் விடாமல் நச்சரித்துக்கொண்டிருந்தார்.

"சரி, ஃபைனல்ல இந்தியாவும் உன் டீமும் வந்துச்சுன்னு வெச்சுக்க. யாருக்குக் கை தட்டுவ?"

"மொதல்ல வரட்டும்."

"வந்தா?"

அக்கா கைப்பையிலிருந்து வேன் சாவியை எடுத்தாள். எண்ணூரில் ஒரு கப்பல் வந்து நிற்பதாகக் காலையில் தகவல் வந்திருந்தது. வேனில் ஏறி, பக்கவாட்டுக் கண்ணாடியைச் சரிசெய்துவிட்டு, கடற்கரைச் சாலைப் பக்கம் திருப்பினாள்.